உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. இது அரிதாக வந்தாலும், உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதால் ஆபத்தானது. எப்படிப் பரவுகிறது?

நம் உடலின் செல்கள் 'எக்ஸோசோம்' எனும் நுண்பைகளை வெளியிட்டு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. ஒரு பையின் அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. புற்றுநோய்ச் செல்களும் இதே வழியைப் பயன்படுத்துகின்றன. மெலனோமாவின் பைகள் எலும்பு மஜ்ஜைச் செல்களை மாற்றி, நோய் பரவத் துணைசெய்ய வைப்பதை டேவிட் லைடன் குழுவினர் 2012-ல் எலிகளில் கண்டறிந்தனர். நோய் போய்ச் சேருமுன்பே அதற்கு இடம் தயாராகிவிடுகிறது. எனவேதான் தாமதம் கூடாது என்கிறோம்.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் வரும். உளூவில் நாம் தினமும் கழுவும் இடங்கள் இவை. கழுவும்போதே கவனிப்போம். பெரிதாகிவரும் புள்ளி, நிறம் மாறும் மச்சம், நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு, ஆறாத புண் ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டுவோம். குனிய முடியாத பெரியவர்களின் பாதங்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

எல்லாப் புள்ளியும் புற்றுநோய் அல்ல. ஆனால் தொடக்கத்திலேயே வெட்டி அகற்றினால், இன்ஷா அல்லாஹ், பெரும்பாலும் குணமாகும்.