பள்ளி முடிந்ததும் கண்ணுக்கு வெளிச்சம்

மாணவர்களே, உங்கள் தம்பி தங்கை தொடக்கநிலை ஐந்திலோ ஆறிலோ படிக்கிறார்களா? பள்ளி முடிந்ததும் மாணவர் பராமரிப்பு நிலையத்திலோ வீட்டிலோ அறைக்குள்ளேயே மாலையைக் கழித்தால், கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடும்.

வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீண்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவியும். இதுவே கிட்டப்பார்வை. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் சுரப்பைத் தூண்டி, இந்த நீட்சியை மட்டுப்படுத்துவதாக அறிவியலாளர்கள் கருதுகின்றனர். அறை வெளிச்சம் சுமார் 500 லக்ஸ். வெளியே மேகமூட்டத்திலும் பல ஆயிரம் லக்ஸ்.

கடுமையான கிட்டப்பார்வையால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்து உண்டு. மூக்குக்கண்ணாடி அதைத் தடுக்காது.

ஆகவே வீட்டுப்பாடத்துக்கு முன், வெயில் சாயும் வேளையில் அவர்களை விளையாட அழைத்துச் செல்லுங்கள். நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் இருப்பது நல்லது. தொப்பி அணியலாம், மர நிழலும் போதும். இருட்டிய பிறகு விளையாடினால் இந்தப் பயன் கிடைக்குமா? சிந்தியுங்கள்.