கியர்பெட்டியை இறக்கும் முன்: பழைய ஆட்டோமேட்டிக் பஸ்ஸுக்கு ஒரு சோதனை வரிசை

ஓடி ஓய்ந்த பஸ்ஸை வேறு வேலைக்கு மாற்றுவது நமக்குப் புதுசு இல்லை. 2020-ல் மூணாறில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்களைப் பயணிகள் தங்கும் அறைகளாக்கியது. 2022-ல் திருவனந்தபுரம் மணக்காட்டில் ஒரு அரசுப் பள்ளிக்கு, தாழ்தள பஸ்களை வகுப்பறையாகக் கொடுக்க முடிவானது. இவையெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்பவை. கியர்பெட்டி எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

ஆனால் உங்கள் குழு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பஸ்ஸை நடமாடும் ஆய்வகமாக மாற்றி, நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் தாண்டி காரையாறு வரை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். மலை ஏறும்போது என்ஜின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. உடனே ஒரு அண்ணாச்சி சொல்வார்: “கிளட்ச் பிளேட் போச்சு தம்பி, பெட்டியை இறக்கிருங்க.”

கொஞ்சம் பொறுங்க. நம்ம ஊர் பட்டறை அனுபவம் பெரும்பாலும் மேனுவல் கியர் வண்டியில் வந்தது. ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். ஆயில்தான் அங்கே விசையைக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் அடுக்குகளை அழுத்திப் பிடிப்பதும் ஆயில் அழுத்தம்தான். எந்த அடுக்கு எப்போது பிடிக்கணும் என்று சொல்வது மின்சாரம். அதனால் சோதனையும் இந்த வரிசையில் போகணும்.

1. ஆயில். சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஓடும்போது, நியூட்ரலில், தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் அளவு பாருங்க. பல ஆயில்கள் புதிதில் சிவப்பாக இருக்கும். கருத்து, தீய்ந்த வாசம் அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கலாம். பால் கலந்த மாதிரி இருந்தால் கூலரில் ஓட்டை, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கு. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

2. மின்சாரம். பஸ்ஸில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். மாற்றியமைக்கும்போது விளக்குக்கும் லேப்டாப்புக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுப்பது வழக்கமான தப்பு. ஒரு பேட்டரி குறைந்துகொண்டே போகும், இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். மின்னழுத்தம் இறங்கினால் கியர் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பும். எர்த் இணைப்பையும் பாருங்க, பிழைக் குறியீட்டையும் படித்து எழுதி வைங்க.

3. அழுத்தம். கேஜ் மாட்டி ஆயில் அழுத்தம் அளக்கணும். குறைவாக இருந்தால் ஃபில்ட்டர் அடைப்பு, பம்ப் தேய்மானம், வால்வு சிக்கல் என்று தேடலாம்.

4. ஸ்டால் டெஸ்ட். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இரண்டு பிரேக்கும் போட்டு, முன்னால் யாரும் நிற்காமல், சில விநாடி மட்டும். வேகம் குறிப்பேட்டில் உள்ளதைவிடக் கூடினால் கிளட்ச் வழுக்குது. குறைந்தால் என்ஜின் பலவீனம், அல்லது கன்வர்ட்டர் உள்ளே கோளாறு. அனுபவமுள்ள மெக்கானிக் கூட இல்லாமல் இதைச் செய்யாதீங்க.

நாலும் ஒரே பதிலைச் சொன்ன பிறகு பெட்டியை இறக்கலாம். சென்னை அருகே ஒரகடத்தில் அல்லிசன் நிறுவனம் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி தயாரிக்கிறது. அது உங்கள் வண்டியில் இருக்கும் பெட்டிதானா என்று பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் பாகம் தேடணும்.

மாற்றத்தால் வரும் கோளாறையும் மறக்காதீங்க. தண்ணீர்த் தொட்டி, மேசை, ஜெனரேட்டர் எல்லாம் எடை. எடை கூடினால் ஏற்றத்தில் கன்வர்ட்டர் அதிகம் வழுக்கும், ஆயில் சூடேறும். கூலருக்குக் காற்று வரும் வழியைப் பலகை வைத்து மறைத்திருந்தால் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பெட்டியை மட்டும் மாற்றி இந்தக் காரணத்தை விட்டால், புதுப்பெட்டியும் அதே மலையில் எரியும்.

கடைசியாக, மேனுவல் வண்டிப் பழக்கம் மூன்றை விடுங்க. தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கக் கூடாது: பம்ப் என்ஜினால் சுழல்வது, என்ஜின் நின்றிருந்தால் உள்ளே ஆயில் ஓடாது. இழுத்தே ஆகணும்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்க. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கவும் கூடாது. காரையாற்றிலிருந்து இறங்கும்போது குறைந்த கியர், ரிட்டார்டர் இருந்தால் அதுவும். எல்லா இறக்கத்தையும் பிரேக்கே தாங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். பஸ்ஸுக்குள்ளே இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.