காவல் நாய்க்கு வயிற்றுப்போக்கா?

பட்டியையும் களத்தையும் காக்கும் நாய் வாந்தி, வயிற்றுப்போக்கால் துவண்டு கிடந்தால், அதன் உடலில் நீர் வற்றுவதே பெரும் ஆபத்தாகும். உரிய நேரத்தில் கவனித்தால் பல நாய்களைக் காப்பாற்றலாம்.

முதலில் விலகி நின்று பாருங்கள். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க இயலாமல் இருந்தால் அது வெறிநோயாக இருக்கலாம். அந்நாயைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

அத்தகைய அறிகுறிகள் இல்லையெனில் பிடரித் தோலைத் தூக்கி விடுங்கள். உடனே படியாவிட்டால் நீர் வற்றியுள்ளது என்று அறியலாம்.

நீர்: கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கால் மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக நக்கிக் குடிக்க விடவும். வாயில் ஊற்றினால் புரையேறும்.

உணவு: வாந்தி நின்றபின் குழைந்த சோற்றுடன், எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியை நாளொன்றுக்கு 4 முறை சிறிதளவு கொடுக்கவும். வெங்காயம், பூண்டு, மிளகாய் கூடாது. மனிதருக்கான பாரசிட்டமால், வலி மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம்.

இடம்: நிழலில் உலர்ந்த சாக்கின்மேல் படுக்க வைத்து, மற்ற நாய்களைப் பிரித்து வைக்கவும். மலத்தை உடனே அகற்றிக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்த நீரெல்லாம் வாந்தியானாலோ, நோயுற்றது குட்டியானாலோ காத்திராமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அது பார்வோ நச்சுயிரி நோயாக இருக்கலாம். குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, 16 வாரம் வரை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்ந்து போட்டால் இந்நோயைத் தடுக்கலாம்.

வீட்டுப் பராமரிப்பு சிகிச்சைக்குத் துணையே அன்றி, அதற்கு மாற்று அன்று.