தீப்புண் ஆற உணவும் மருந்தே

பழனிமலைத் தொடரில் மாசி, பங்குனி மாதங்கள் பிறந்துவிட்டால் புல் காய்ந்து, சருகு குவிந்து, ஒரு சிறு பொறியும் பெருந்தீயாக மாறிவிடும். 2024ஆம் ஆண்டுக் கோடையிலும் கொடைக்கானல் மேல்மலைக் காடுகளில் தீப் பரவிற்று. ஆயினும் காட்டுத்தீ ஒன்றே மலைவாழ் மக்களுக்கு அபாயம் என்று நாம் எண்ணிவிடலாகாது. குளிர் மிகுந்த இவ்வூர்களில் வீட்டினுள்ளேயே கணப்பு எரிகிறது. குளிப்பதற்கு அண்டாவில் நீர் கொதிக்கிறது. செயற்கை நூலாலான கம்பளிச் சட்டை அணிந்த குழந்தைகள் அடுப்போரம் ஒண்டிக்கொள்கின்றனர். தீப்பட்டவுடன் செய்ய வேண்டிய முதலுதவியைப் பலரும் ஓரளவு அறிவர். ஆனால் புண்பட்டவருக்கு எவ்வித உணவு அளிப்பது என்பதில் நமது கிராமங்களில் தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. அதைப் பற்றியே இங்கு ஆராய முற்படுகிறோம்.

பழனிமலைகளுக்குத் தென்மேற்கே, போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி மலையேற்றம் சென்றிருந்தோரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. முதலில் மாண்டவர் 9 பேர். பலத்த காயங்களுடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை முதலிய இடங்களில் சேர்க்கப்பட்டோருள் மேலும் பலர் அடுத்துவந்த நாட்களிலும் வாரங்களிலும் உயிர் நீத்தனர். இறந்தோர் தொகை 20ஐக் கடந்தது. தீ அணைந்த பின்னும், நல்ல மருத்துவம் கிடைத்த பின்னும், தீப்புண் உயிரைப் பறிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண, தோலின் தொழிலை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தோல் வெறும் போர்வையன்று. உடலின் நீரையும் உப்பையும் வெப்பத்தையும் உள்ளே காத்து, கிருமிகளை வெளியே நிறுத்தும் மதில் அது. புண்பட்டவரின் உள்ளங்கை, விரல்கள் உட்பட, அவரது மேனியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவைக்கொண்டு அளக்கும்போது, பெரியவர்களுக்கு நூற்றுக்கு 20 பங்குக்கு மேலும் குழந்தைகளுக்கு 10 பங்குக்கு மேலும் வெந்திருந்தால் அது கடுமையான தீக்காயம். அந்நிலையில் இரத்தத்திலுள்ள நீர், இரத்தக் குழாய்களிலிருந்து வெளியே கசியத் தொடங்குகிறது. அமெரிக்காவில் டல்லஸ் நகரத்து மருத்துவர் சார்லஸ் பாக்ஸ்டர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நூற்றுக்கு 40 பங்கு வெந்திருந்தால், முதல் நாளில் இரத்த நாளத்தின் வழியே செலுத்த வேண்டிய உப்புக் கரைசல் 9,600 மில்லிலிட்டர்! அதில் பாதி முதல் 8 மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். இன்று மருத்துவர்கள் இதனினும் சற்றுக் குறைவாகத் தொடங்கி, நோயாளியின் சிறுநீரின் அளவைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றனர்.

அந்த 8 மணி நேரம், மருத்துவமனையை அடைந்த வேளையிலிருந்து அன்று, தீப்பட்ட வேளையிலிருந்தே எண்ணப்படுவது. கொடைக்கானலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளாவரை போன்ற ஊரில் இருப்பவர் இதை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். வண்டி தேடுவதிலும், வளைவுப் பாதையிலும் கழியும் நேரமெல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வெந்த இடத்தின் மீது ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுவதும், உடனே 108க்குச் சொல்லி அனுப்புவதுமே முதற் கடமை. மலைக் குளிரில் நோயாளியின் உடல் விறைத்துவிடாமல், புண் இல்லாத பாகங்களைக் கம்பளியால் மூட வேண்டும். பனிக்கட்டி, மை, பற்பசை, சாணம், சாம்பல் எதுவும் புண்ணில் படலாகாது.

இனி உலோகச் சத்துக்களுக்கு வருவோம். நீருடன் சோடியம் வெளியேறுவது முதல் இழப்பு. வெந்த அணுக்கள் சிதைவதால் பொட்டாசியம் ஆரம்பத்தில் இரத்தத்தில் மிகுந்து, பிறகு குறைந்துவிடக்கூடும். பாஸ்பரஸ், மக்னீசியம், கால்சியம் ஆகியவையும் முதல் வாரத்தில் தாழ்கின்றன. பாஸ்பரஸ் மிகவும் குறைந்துவிட்டால் மூச்சை இழுக்கும் தசைகளே சோர்ந்துபோகும். இவற்றை மருத்துவமனைகள் இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கின்றன.

இவற்றினும் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றுண்டு. செம்பு, துத்தநாகம், செலினியம் ஆகியவை உடலில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளவை. ஒரு மனிதனின் உடலிலுள்ள துத்தநாகம் முழுவதையும் திரட்டினாலும் 2 அல்லது 3 கிராமே தேறும். இவை புண்ணிலிருந்து வடியும் நீரோடு போய்விடுகின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மெட்டே பெர்கர் என்னும் மருத்துவ அம்மையார் இதை அளந்து பார்த்தார். கடுமையாக வெந்தவர்கள் ஒரு வாரத்திற்குள் உடலிலுள்ள செம்பில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரையும், துத்தநாகத்தில் 5 முதல் 10 பங்கு வரையும் இழப்பது தெரியவந்தது. செம்பு இல்லாமல் புதுத் தோலின் இழைகள் உறுதிபெறா. துத்தநாகம் இல்லாமல் புது அணுக்கள் பிறப்பது தடைப்படும். செலினியம் குறைந்தால் அழற்சியின் நச்சுப் பொருள்களைத் தணிக்கும் ஆற்றல் குன்றும். இம்மூன்றையும் இரத்த நாளத்தின் வழியே அளித்தபோது நுரையீரல் தொற்று குறைந்ததாக அவருடைய குழுவினர் 1998இல் வெளியிட்டனர். ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளிகள் சிலரே என்பதையும் இங்குச் சொல்லிவிடுவது நேர்மை. ஆயினும், அதற்குப் பின் பல நாடுகளின் தீக்காயப் பிரிவுகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

இதைப் படித்துவிட்டுக் கடையில் துத்தநாக மாத்திரை வாங்கி அளவின்றி விழுங்குவோர் ஏமாறுவர். துத்தநாகம் மிகுந்தால் குடல் செம்பை ஏற்க மறுத்துவிடும். ஒன்றை நிரப்பப் போய் மற்றொன்றை இழக்க நேரிடும்.

அடுத்தது பசியின் கணக்கு. கடுமையாக வெந்த உடல் படுக்கையில் அசையாது கிடப்பினும், உள்ளே ஓர் உலைபோல் எரிகிறது. நமது உதாரணத்தில் கண்ட 60 கிலோ மனிதருக்கு, கரேரி என்பவரின் பழைய சூத்திரப்படி நாளொன்றுக்கு 3,100 கலோரி வேண்டும். இது சற்று மிகை என்பது இன்றைய கருத்து. எனினும் தேவை வழக்கத்தைவிடப் பெரிதும் கூடுதல் என்பதில் ஐயமில்லை. புரதமோ 90 முதல் 120 கிராம் வரை வேண்டும்; நலமாயிருக்கும்போது அவருக்கு 50 கிராமே போதுமானது. இவ்வுணவு வெளியிலிருந்து கிடைக்காவிடில், உடல் தன் தசையையே கரைத்து உண்ணும். ஆகையால்தான் மருத்துவர்கள் முதல் நாளிலேயே மூக்கின் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி உணவு புகட்டுகின்றனர். இதைக் கண்டு உறவினர் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் வீடு திரும்பியதும் நடப்பது என்ன? "முட்டை கூடாது, புண்ணில் சீழ் வைக்கும், மீன் கூடாது, கறி கூடாது" என்று பத்தியம் தொடங்கிவிடுகிறது. மிளகு ரசமும் கஞ்சியுமே நோயாளியின் உணவாகிவிடுகின்றன. முட்டையைக் குற்றவாளியாக்கிய புண்ணியவான் யாரோ, நாம் அறியோம்! சீழ் வைப்பது கிருமியால், முட்டையால் அன்று. துத்தநாகமும் செலினியமும் புரதமும் எந்தெந்த உணவில் நிறைந்துள்ளனவோ, அவற்றையே தேடிப்பிடித்து விலக்குவதாக இந்தப் பத்தியம் அமைந்திருக்கிறது.

மலைக் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே நல்ல உணவு அமைக்க இயலும். 1 லிட்டர் பால், 3 முட்டை, 100 கிராம் பருப்பு, 50 கிராம் நிலக்கடலை, அரிசியும் கேழ்வரகுமாக 300 கிராம் ஆகியவை சேர்ந்தால் புரதம் 100 கிராமைத் தாண்டும். கலோரியும் ஏறத்தாழ 2,500 ஆகும். எஞ்சியதை எண்ணெய், வெல்லம், மலைவாழை, கீழ்மலைத் தோட்டங்களில் விளையும் பட்டர் புரூட் ஆகியவற்றால் நிரப்பலாம். பயறு வகைகளை ஊறவைத்து முளைகட்டினால், அவற்றிலுள்ள துத்தநாகத்தை உடல் எளிதில் ஏற்கும். எள்ளில் செம்பு உண்டு; ஈரலில் செம்பும் செலினியமும் உண்டு. மேல்மலையில் மலிவாகக் கிடைக்கும் முட்டைக்கோசும் முள்ளங்கியும் நல்லவையே. ஆனால் அவை வயிற்றை நிரப்புமளவுக்கு வலிமை தருவன அல்ல. எனவே நோயாளி அவற்றை முதலில் உண்டு வயிறு நிறைந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே வேளையில் மிகுதியாக உண்ண முடியாதவருக்கு, ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோருக்கு மட்டும் மருத்துவர் வகுக்கும் அளவே அளவு.

இந்த உள்ளெரிச்சல் புண் மூடியதும் நின்றுவிடுவதில்லை. கடுமையான காயங்களில் ஓராண்டுக்கும் மேலாக நீடிப்பதுண்டு. வெந்து ஆறிய தோல் சூரிய ஒளியிலிருந்து வைட்டமின் டி உண்டாக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடுவதால், குழந்தைகளின் எலும்பும் நலிவடையக்கூடும். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியரைக்கொண்டு வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைப்பது பயனுள்ள ஏற்பாடு. முன்னிருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும்வரை காத்திராமல், இரண்டு வாரம் தொடர்ந்து முள் கீழிறங்கினாலே, அந்தக் குறிப்புத் தாளுடன் நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.