அம்மாவின் தோளுக்கு உன் கை

அன்பு மருமகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. உன் அம்மாவின், என் அண்ணியின், வலது கையைப் பிடித்து ஒரே மூச்சில் மேலே தூக்கினாய், அண்ணி அலறினார், அதன் பிறகு நீ பக்கத்தில் போனாலே கையை மார்போடு அணைத்துக்கொள்கிறார் என்றாய். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. அதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

பிசியோதெரபி படித்துவிட்டு வேலையில் சேர்ந்த முதல் வருடம். கரும்பலகையில் எழுதக் கை எழும்பவில்லை என்று ஒரு டீச்சரம்மா வந்தார். பத்தே நாளில் தூக்கவைக்கிறேன் பார் என்று எனக்குள் ஒரு வேகம். அழுத்திப் பிடித்து இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "ரெண்டு ராத்திரியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினேன் மேடம்" என்றார். கை முன்னைவிடக் குறைவாகத்தான் எழுந்தது. அந்தக் குரலை இன்றுவரை மறக்கவில்லை.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது. நல்ல தோளில் அது தொளதொளவென்று மடிந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அண்ணிக்கு வந்திருக்கும் ஃப்ரோசன் ஷோல்டரில் அந்தப் பை அழன்று, தடித்து, முதல் துவையலிலேயே சுருங்கிய பருத்தி ரவிக்கை மாதிரி ஆகிவிடுகிறது. 1934-ல் இந்தப் பெயரை வைத்தவர் கோட்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சுகர் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். அண்ணிக்கு மூன்றும் பொருந்துகிறது.

அழன்ற சவ்வை இழுத்தால் மேலும் அழலும். நெதர்லாந்தில் டியர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 77 பேரை இரண்டு வருடம் கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வலி அனுமதித்த அளவுக்குள் கையை அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம்தான். அந்த டீச்சரம்மாவுக்கு நான் செய்தது இரண்டாவது ரகம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். விழுந்து அடிபட்ட தோளுக்கோ ஆபரேஷன் ஆன தோளுக்கோ இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதே.

முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சுகர்காரர்களுக்குச் சூடு சரியாக உறைக்காமல் போகலாம். துணியை உன் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் தோளில் வை. பிறகு சாப்பாட்டு மேசையில் இடது கையை ஊன்றிக் குனியச் சொல். வலது கை ஊஞ்சல் போலத் தொங்கட்டும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஆடும். கையை அவர் ஆட்டக் கூடாது.

அடுத்தது பாயில் மல்லாந்து படுத்துச் செய்வது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, காதை நோக்கி அவரே கொண்டுபோகட்டும். நல்ல கை சுமக்கும், நோகும் கை சவாரி செய்யும். நீ பக்கத்தில் மண்டியிட்டு, அவர் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வை. விரல்களால் பற்றாதே, ஏந்து. கை கனமாக உன் மேல் விழுந்தால் அவர் உன்னை நம்பிவிட்டார் என்று அர்த்தம். தசை விறைத்தால் அதுதான் அன்றைய எல்லை. அங்கேயே பத்து எண்ணி, மெதுவாகத் திரும்பு. அவர் வாயைப் பார்க்காதே, "வலிக்கலடி" என்றுதான் சொல்வார். நெற்றியைப் பார், மூச்சைக் கேள்.

இந்த நோயில் கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் முதலில் போகும். தலை வாரவும் கொண்டை போடவும் அதுதான் வேண்டும். அதற்கு ஒட்டடைக் கம்பு போதும். படுத்தபடி இரு கையிலும் கம்பைப் பிடித்து, வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொள்ள வேண்டும். முழங்கை விலகாமல், இடது கை கம்பைத் தள்ள வலது முன்கை வெளியே திரும்பும். விரலளவுதான் நகரும் இப்போது. அது போதும்.

கூடத்தில் உனக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறதா? அதில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னக் கப்பி ஒன்றை மாட்டி நூல் கயிற்றை விடு. கீழே நாற்காலியில் அண்ணியை உட்கார வை. இடது கை இழுக்க, வலது கை ஏறும். அவருக்குப் பின்னால் நின்று பார்: தோள்பட்டை காதை நோக்கித் தூக்கிக்கொண்டால் கை ஏறவில்லை, தோள்தான் ஏமாற்றுகிறது. கொஞ்சம் இறக்கச் சொல். முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து இழுப்பதை இப்போதைக்கு விட்டுவிடு. ராத்திரி வலி அடங்கிய பிறகு அதற்கு வரலாம்.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு நான்கு ஐந்து முறை. முடித்து அரை மணி நேரத்தில் வலி பழைய நிலைக்கு வர வேண்டும். அன்று இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறை. டாக்டர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சுகர் ஏறும், தினமும் பார்த்துக்கொள். தோள் வலியோடு மார்பு இறுகி வியர்த்தால், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இது குணமாக ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். அதைக் கேட்டு நீ சோர்ந்துபோவாய் என்று தெரியும். ஆனால் அதுவரை அண்ணி தனியாகக் கஷ்டப்படுவதை நினைத்துப் பார். போன மாதம் வந்திருந்தபோது ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உள்ளேயே நின்றார். என்னைக்கூடக் கூப்பிடவில்லை. காலையில் அவர் கேட்கும் முன்னால் நீ போய்க் கொக்கியை மாட்டிவிடு, தலை பின்னிவிடு. தொட்டால் வலிக்காது என்று அந்தத் தோள் முதலில் தெரிந்துகொள்ளட்டும். பயிற்சியை இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தாலும் நஷ்டமில்லை.

ஆரம்பிக்கிற அன்று சமையலறைச் சுவர் அருகே அவரை நிறுத்து. விரல்களைச் சுவரில் ஏறவிடச் சொல், வலிக்காமல் எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோடு போட்டால் போதும், தினமும் வேண்டாம். முதல் கோடு போட்டதும் எனக்குப் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அத்தை