மரவட்டையும் கறுத்த கால்விரலும்

ஐப்பசி பிறந்து முதல் மழை மண்ணை நனைத்ததும் வேலியோரத்துச் சருகுக்குள்ளிருந்து மரவட்டைகள் ஊர்ந்து வரத் தொடங்கிவிடும். சுவரில் ஏறும், கூரைக் கிடுகிலிருந்து பாயில் விழும், வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துக்குள் சுருண்டு படுக்கும். விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. கடிக்காத, கொட்டாத சீவன் என்பதால் எவரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னிக் கிராமமொன்றில் நாம் காலைத் திருப்பலி முடித்து வெளியே வந்தபோது, ஒரு தாய் தன் ஏழு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சிறுவனின் வலது காலில் மூன்று விரல்கள் நாவற்பழம் போலக் கறுத்திருந்தன. பாம்பு என்று யாரோ சொல்ல, கணைக்காலைச் சீலைத்துண்டால் இறுகக் கட்டியிருந்தார்கள். விரலைக் கீறி இரத்தம் எடுக்கவேண்டும் என்று இன்னொருவர் பிளேட்டும் கையுமாக நின்றார். உண்மையைச் சொன்னால் நாமும் பயந்துதான் போனோம். வைத்தியசாலையில் வைத்தியர் கட்டை அவிழ்த்துக் காலைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் சூடாக இருந்தன, உணர்ச்சி இருந்தது, நகத்தை அழுத்தி விட்டால் இரத்தம் திரும்பி வந்தது. "நேற்றுச் சப்பாத்துப் போட்டவனோ?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைத் தட்டியபோது நசுங்கிய மரவட்டையொன்று விழுந்தது.

மரவட்டைக்கு விஷப்பல் இல்லை. மட்டத்தேளுக்கு உடலின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சோடிக் கால், அது கடிக்கும். மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு சோடி. (ஆயிரங்காலி என்ற பெயர் வெகுகாலம் வெறும் பெயராகவே இருந்தது. 1,306 கால்கள் கொண்ட ஓரினம் அவுஸ்திரேலியாவில் நிலத்தின் அடியிலிருந்து கிடைத்து 2021இல் அறிவிக்கப்பட்ட பின்னரே அது உண்மையாயிற்று.) ஓடித் தப்ப முடியாத இந்தச் சீவனுக்கு உடலின் இரு பக்கமும் வரிசையாக நுண்துளைகள் உண்டு. நசுக்கினாலோ துன்புறுத்தினாலோ அவற்றிலிருந்து காரமான நீர் கசியும். சில பெரிய இனங்கள் அதைச் சற்றுத் தூரம் பீச்சியடிக்கவும் வல்லன.

நீண்டு உருண்ட மரவட்டைகள் பலவற்றின் நீரில் இருப்பவை பென்சோகுயினோன்கள் என்னும் இரசாயனங்கள். இவை தோலின் புரதத்தோடு பிணைந்துகொள்கின்றன. தோல் பதனிடுவதற்கும் குயினோன்கள் பயன்படும் என்று அறிந்தால், கறை ஏன் கழுவப் போவதில்லை என்பது விளங்கும். முதலில் மஞ்சள் கலந்த மண்ணிறம், பின் எரிவு. ஒரு நாளைக்குள் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறும். சிலருக்குப் பொக்குளம் போட்டுத் தோல் உரியும். மரமுந்திரிகைக் கொட்டையின் எண்ணெய் பட்ட கையைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று, இரசாயனம் வேறு என்றாலும். நோ சில நாட்களில் அடங்கும். கறை மாதக்கணக்கில் நிற்கலாம். நாம் சொன்ன சிறுவனுக்குத் தவக்காலம் வரை நின்றது.

செய்யவேண்டியது எளிது: உடனே சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம் எதுவும் பூச வேண்டாம். உரிந்த தோலில் சாணம் பூசுவது ஏற்புவலிக்குக் கதவு திறப்பதாகும். பொக்குளத்தை உடைக்காமல் மருந்தகத்தில் காட்டினால் போதும். ஆனால் கண் வேறு கதை. மரவட்டையைப் பிடித்து விளையாடிய கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் கருவிழி புண்ணாகலாம். கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கறுத்த விரலெல்லாம் மரவட்டை என்று இருந்துவிடக் கூடாது என்பதே எமக்குள்ள பெரிய பயம். நீரிழிவு உள்ளவரின் விரல் கறுத்து, குளிர்ந்து, உணர்ச்சியற்றுப் போனால் அது அழுகல். ஒரு நாள் தாமதமும் காலைப் பறிக்கும். இரவில் பாயில் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் பல்லடையாளமே தெரியாமல் இருக்கலாம், நோவும் அற்பம். விடியற்காலையில் வயிற்றுநோ, இமை சரிதல், பேச்சுக் குளறுதல் கண்டால் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. புடையன் கடியென்றால் கால் வீங்கிக்கொண்டு போகும், இரத்தம் கசியும். சந்தேகம் எதுவானாலும் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சிறுவனின் காலுக்கு மரவட்டையைவிட அந்தச் சீலைக்கட்டே ஆபத்தாயிருந்தது.

மரவட்டையைக் கண்ட இடமெல்லாம் கொல்லும்படி நாம் சொல்ல மாட்டோம். உக்கிய சருகைத் தின்று மண்ணுக்குப் பசளையாக்குவது அதுதான். தொட்டால் உருண்டை மணிபோலச் சுருளும் பெரிய இனத்துக்கு அந்த நச்சுச் சுரப்பிகளே இல்லை. சருகைச் சுவரோரம் குவிக்காமல் வளவின் கோடியில் கூட்டெருக் குழியில் போட்டால் மரவட்டையும் அங்கேயே தங்கும். குழியைக் கிளறும்போது வெறுங்கை வேண்டாம். பிள்ளைகள் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டே கால் வைக்கட்டும். மாரி முடியும்வரை பாயையும் ஒருமுறை உதறி விரியுங்கள்.