சிவப்புக்குப் பக்கத்தில் என்ன?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எண்ணெய் வண்ண அரூப ஓவியத்தைப் பார்த்தேன். ஆத்திரத்தைத் தீட்ட நினைத்தாய், அதனால் முழுக்கச் சிவப்பு என்று எழுதியிருந்தாய். உன் ஆத்திரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தில் அது தெரியவில்லை. கான்வாஸ் முழுவதும் ஒரே உரப்பில் சிவப்பு நின்றால் கண் அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். ஊரே மேளம் அடித்தால் எந்த வீட்டில் கல்யாணம் என்று எப்படித் தெரியும்?

ஓவியர் கே. எம். ஆதிமூலத்தைப் படி. துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர், 2008-இல் மறைந்தார். அவர் பேரைச் சொன்னதும் பலருக்கும் கோட்டோவியங்கள்தான் நினைவுக்கு வரும்: காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்திகள், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்தவை. கறுப்பு மையிலும் வெள்ளைத் தாளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த அந்தக் கைதான் பிறகு உருவங்களை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தது. அந்த அரூபப் படங்களில் மலை என்று காட்ட ஒரு கோடு கிடையாது. ஆனாலும் நிலம் இருக்கிறது, வானம் இருக்கிறது, வெயில் அடிக்கிறது. எங்கே அடர்த்தி வேண்டும், எங்கே வெளி விட வேண்டும் என்பதைக் கறுப்பு வெள்ளையிலேயே பழகியிருந்ததால்தான் வண்ணத்தில் அவ்வளவு துணிய முடிந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நீயும் உன் படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கோளாறு நிறத்தில் இல்லை. ஒளி-இருள் வேறுபாடு இல்லாததுதான் கோளாறு. அடுத்த படத்தில் காட்மியம் சிவப்பை ஒரு மூலைக்கு ஒதுக்கு. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் வெள்ளையும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதில் துளி விரிடியன் சேர்த்து, பச்சைப் பக்கம் லேசாகச் சாயவிட்டு, சிவப்பைச் சுற்றி வை. அதே சிவப்பு அப்போது எரியும். தாலோ நீலத்திடம் மட்டும் எச்சரிக்கையாக இரு. கொஞ்சம் கூடினாலும் கலவை முழுவதையும் விழுங்கிவிடும்.

இன்னொன்று, உன் அவசரம். எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதனால் கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்தி இறுகிவிடும், அடியில் இருப்பது அசையும், வெடிப்பு விழும். உன் படத்தின் இடது ஓரத்தில் இப்போதே மயிரிழையாக ஓடுகிறது, கவனித்தாயா?

ஆதிமூலத்தின் எண்ணெய் வண்ணப் படங்கள் எங்கே காட்சிக்கு வந்தாலும் நேரில் போய்ப் பார். பூச்சின் தடிமனையும் விளிம்புகளையும் அச்சில் பார்க்க முடியாது. பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்